விசிறியை மறுபக்கமும் ஓட்டிப் பார்த்த நாள்

தொழிற்சாலைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிமாரே, போன வாரம் உங்களில் ஒருவர் பழுது பார்த்த மோட்டார் ஒன்றை எனக்கு ஓட்டிக் காட்டினார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. சத்தமில்லை, சூடில்லை. மறுபக்கம் ஓட்டிப் பார்த்தீரா என்று கேட்டேன். ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா அதுபாட்டுக்குத் திரும்பப் போவுது, அத எதுக்குங்க பாக்கணும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்ந்துபோன கிழவன், ஒரு தேத்தண்ணி குடிக்க வந்த இடத்தில் கத்திவிட்டுப் போனேன். அந்தக் கிழவனுக்கு என்ன பிடித்தது என்று நீங்கள் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. என்ன பிடித்தது என்று சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற மோட்டார்கள் சமர்த்துப் பிள்ளைகள். எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஒரே வேகம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படி இல்லை. மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஆற்றை மறித்துக் குழாயில் இறக்கி, அந்தத் தண்ணீர் சுற்றுகிற டர்பைனில் தோட்டமே சொந்தமாகக் கரண்ட் எடுத்தது. பற்றரியில் வருகிறதே, அந்த மாதிரி ஒரே திசையில் போகிற கரண்ட். அதில் ஓடுகிற மோட்டாருக்குள் சுழலுகிற செம்பு உருளையின் மேல் கார்பன் கட்டைகள் உரசிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டைகளைத் தாங்குகிற வளையத்தைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். சரியான நடு இடத்தில் நிறுத்தினால் மோட்டார் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடும். நடுவை விட்டு ஒரு நூல் தள்ளி நிறுத்தினால் ஒரு பக்கம் பறக்கும், மறுபக்கம் சோம்பும். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது.

அந்தத் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தட்டுகள். சணல் துணி கட்டிய தட்டுகள் அடுக்கடுக்காகக் கிழக்கே ஒரு கூடம், மேற்கே ஒரு கூடம். நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு விசிறி. இதழ்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வேலை செய்யும்படி வார்த்தது. விசிறி வலப்பக்கம் சுற்றினால் கீழே அடுப்பிலிருந்து வரும் சூடுகாற்று மேற்குக் கூடத்துக்குப் போகும். இடப்பக்கம் சுற்றினால் அதே காற்று கிழக்குக் கூடத்துக்குப் போகும். பாதி நேரம் இந்தப் பக்கம், பாதி நேரம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி ஓட்டினால்தான் இரண்டு கூடத்துக் கொழுந்தும் ஒன்றுபோல வாடும்.

முதன்முதலாக அந்த விசிறி திரும்பியதைப் பார்த்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். விசிறி நின்றது. மாடி முழுக்க அப்படியொரு அமைதி. பிறகு மெல்ல மறுபக்கம் சுற்ற ஆரம்பித்தது. என் முதுகில் அடித்துக்கொண்டிருந்த காற்று இப்போது முகத்தில் அடித்தது. அதுவரை அசையாமல் கிடந்த கிழக்குத் தட்டுகளில் கொழுந்து இலேசாக எழும்பி எழும்பி அடங்கியது. பச்சை வாசம் மறுபக்கத்திலிருந்து வந்து மூக்கில் ஏறியது. இவ்வளவு பெரிய கட்டடம் மூச்சை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விடுகிறது, அதைச் செய்வது என் கையிலிருக்கும் ஒரு சுவிட்ச். அடேயப்பா என்று இருந்தது. எத்தனை வருஷம் பார்த்தும் அந்தப் பிரமிப்பு எனக்குப் போகவே இல்லை.

அங்கே எனக்கு மேலே ஒரு மெக்கானிக் இருந்தார். பெயர் வேண்டாம். கைத்தொழில் தெரிந்தவர்களைச் சிங்களத்தில் பாஸ் என்பார்களே, அப்படித்தான் தோட்டமே அவரைக் கூப்பிட்டது. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. வேலையில் புலி. வாய் அதைவிடப் பெரிய புலி. கால்சட்டை போட்டுத் தனிக் குவார்ட்டர்ஸில் இருந்த மனிதர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் யாரையும் வா, போ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. என்னையும் எத்தனையோ நாள் நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்க விட்டிருக்கிறார். ஆனால் ஒரு மோட்டாரின் மேல் கையை வைத்துவிட்டால் அந்த ஆள் வேறு. பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி ஆகிவிடுவார்.

அந்த மாடி விசிறியின் மோட்டார் ஒருமுறை கருகிப்போய்விட்டது. கொழும்புக்கு அனுப்பிச் செம்புக் கம்பி புதிதாகச் சுற்றி, ரயிலில் தலவாக்கலைக்கு வந்து சேர்ந்தது. பாஸ்தான் மேலே ஏற்றிப் பூட்டினார். ஓட்டும் முன்னால் பூசை. அது இல்லாமல் எங்கள் ஸ்டோரில் ஒரு ஆணிகூட அசையாது. தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தினார்கள். பூசாரி ஒரு கட்டளை போட்டார். முதல் சுற்று வலம்தான் சுற்ற வேண்டும், இன்றைக்குப் பொழுது முழுக்க வலம்தான், இடமாகச் சுற்றுவது சாவு வீட்டில்தான் என்றார். கூடியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். கர்த்தரைக் கும்பிடுகிற வேதக்காரரான மாடிக் கங்காணிகூடக் கையைக் கட்டிக்கொண்டு ஆட்டினார்.

பாஸும் ஒத்துக்கொண்டார். வலப்பக்கம் ஓட்டினார். கார்பன் கட்டைகளில் இலேசாகப் பொறி பறந்தது. வளையத்தை ஒரு நூல் நகர்த்தினார், பொறி அடங்கியது. இன்னும் ஒரு நூல் நகர்த்தினார், பொறியே இல்லை. மோட்டார் வெண்ணெய் மாதிரி ஓடியது. எல்லாரும் கும்பிட்டார்கள். வளையத்தை அந்த இடத்திலேயே இறுக்கினார். மறுபக்கம் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார். மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. மலையே கொழுந்தாகத் தள்ளியது. சாக்குச் சாக்காக வந்து விழுகிற கொழுந்தைப் பரப்ப இடமில்லாத நேரத்தில் மோட்டாரை நிறுத்திச் சோதனை பண்ண யாருக்குத் தோன்றும்? அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை.

இப்போது மாடிக் கங்காணியைச் சொல்ல வேண்டும். சவரிமுத்து என்று பெயர். ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். கொழுந்தைப் பரப்பிவிட்டு எல்லாரும் இறங்கிய பிறகு, விடியும் வரை மாடியில் தனியாக இருந்து நேரத்துக்கு நேரம் விசிறியைத் திருப்புவது அவர் வேலை. கீழே அடுப்பும் டர்பைனும் போடுகிற இரைச்சலில் மேலே விசிறி நிற்பதோ திரும்புவதோ வேறு யார் காதிலும் விழாது.

கொஞ்ச நாளில் டீமேக்கர் முணுமுணுக்கத் தொடங்கினார். மேற்குக் கொழுந்து பதமாக வாடி வருகிறது, கிழக்குக் கொழுந்து பறித்த மாதிரியே பச்சையாகக் கிடக்கிறது என்றார். பச்சைக் கொழுந்தை அரைத்தால் தூள் என்ன இலட்சணத்தில் வரும் என்று உங்களுக்கே தெரியும். கொழும்பில் தோட்டத்துத் தூளுக்குக் கெட்ட பெயர் வந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை கொதித்துப்போய் ஸ்டோருக்கு வந்தார். சவரிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் நேரத்துக்குத் திருப்புறேங்க என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் விசிறி கிழக்குப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆமாம், இப்பத்தான் முழிச்சுத் திருப்பியிருப்பான் என்றார்கள். துரை பாஸின் பக்கம் திரும்பி, விசிறியில் ஏதும் கோளாறா என்று கேட்டார்.

"விசிறி நல்லாத்தான் ஓடுது, துரை. மேல இருக்கிறவன்தான் ஓடல" என்றார் பாஸ்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். துரைகூடச் சிரித்தார். பாஸுக்கு நாக்கில் எப்போதும் இப்படி ஒன்று ஊறிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு அன்றைக்கே லயம் லயமாகப் போய்விட்டது. மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடத்தில், கணக்கப்பிள்ளை அதையே எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் சவரிமுத்துவைக் கண்டால் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டின. அதற்குப் பிறகும் கிழக்குக் கொழுந்து பச்சையாகவே வந்துகொண்டிருந்தது. துரை சவரிமுத்துவுக்குப் பற்றுச்சீட்டு எழுதச் சொல்லிவிட்டார்.

பற்றுச்சீட்டு என்றால் உங்களுக்கு இன்றைக்கு ஒரு காகிதம். அன்றைக்கு அது கையில் விழுந்தால் வேலை போகும், பெண்சாதியின் வேலையும் போகும், லயத்தில் குடியிருந்த காம்பரா அறையைக் காலி பண்ண வேண்டும். தூங்கினான் என்று விலக்கியவனை அக்கம்பக்கத்துத் தோட்டம் எதுவும் எடுக்காது. குடியுரிமையும் இல்லாத சனத்துக்குத் தோட்டத்தை விட்டால் கால் வைக்க இந்த நாட்டில் ஒரு அடி மண் கிடையாது. சவரிமுத்துவின் பெண்சாதி அருளம்மா வளர்த்த கோழிகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். மூன்று பிள்ளைகள். எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

சீட்டில் துரை கையெழுத்து வைக்க வேண்டிய நாளுக்கு முன்னால் பாஸ் ஒரு காரியம் செய்தார். விசிறியின் வேகத்தை இரண்டு பக்கமும் அளந்து காட்டுகிறேன், துரையும் வரட்டும், அந்த ஆளும் வரட்டும் என்றார். நான் ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு என்னாலதான் தெருவுக்குப் போனேன்னு அவன் சொல்லக்கூடாது. கண்ணால பாத்துட்டுப் போவட்டும்" என்றார். கேளுங்கள் தம்பிமாரே, சவரிமுத்துவைக் காப்பாற்ற அந்தச் சோதனை வைக்கவில்லை. தான் சொன்னது சரி என்று காட்டத்தான் வைத்தார். அந்த அளவுக்கு அவருக்கு நம்பிக்கை.

கொழுந்து குறைந்த ஒரு நாள் பகலில் மாடியில் கூடினோம். துரை, டீமேக்கர், கதவோரமாகச் சவரிமுத்து. அருளம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் சுவிட்ச் பலகையில். பாஸ் மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சோதனை பண்ணுகிற விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. கீழே இருந்த இயந்திரங்கள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். டர்பைன் வீட்டில் வால்வை யாரும் தொடக்கூடாது என்று ஆள் போட்டார். கரண்ட் மீட்டரின் முள் அசைந்தால் உடனே சத்தம் போடு என்று எனக்குச் சொன்னார். வேகம் பார்க்கிற டாக்கோமீட்டர் அவர் கையில். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான், மூக்கில் ஒரு ரப்பர். ஓடுகிற ஷாஃப்டின் நடுக்குழியில் அந்த மூக்கை வைத்து அழுத்தினால், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று முள் காட்டும். பிடித்திருக்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான் முள் தெரியும். நின்றிருந்த மற்ற யாருக்கும் அவர் முதுகுதான் தெரிந்தது.

வலப்பக்கம் ஓட்டினேன். அழுத்திப் பார்த்தார். "எழுநூத்தி அம்பது" என்று சொல்லிவிட்டுச் சவரிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார். நிறுத்தினேன். அந்த விசிறியை முழுக்க நிற்கவிடாமல் திருப்பினால் மோட்டார் வெந்துபோகும், ஆகவே காத்திருந்தோம். இதழ்கள் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நின்றன. பிறகு இடப்பக்கம் ஓட்டினேன். காற்றுத் திரும்பியது. வேகம் பிடித்து நிலைக்கட்டும் என்று பொறுத்திருந்து, பாஸ் டாக்கோமீட்டரை வைத்து அழுத்தினார்.

அழுத்தியவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு என்று டீமேக்கர் கேட்டார். பாஸ் டாக்கோமீட்டரை எடுத்தார். மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ரப்பர் வழுக்கினால் முள் குறைத்துக் காட்டும், அது உங்களுக்கும் தெரியும். ஷாஃப்டின் குழியில் எண்ணெய் இருக்கிறதா என்று சட்டை நுனியால் துடைத்தார். ரப்பரையும் துடைத்தார். திரும்ப ஓட்டச் சொன்னார், அழுத்தினார். இன்னொரு தடவை நிறுத்தி, இன்னொரு தடவை அளந்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் நான் இன்றைக்கும் மலைத்துப்போகிற காரியம் ஒன்றைச் செய்தார். "திரும்ப வலப்பக்கம் ஓட்டு" என்றார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வலப்பக்கம்தான் சரியாக இருந்ததே. ஓட்டினேன். அதையும் நிறுத்தி, துடைத்து, இடப்பக்கம் எத்தனை தடவை அளந்தாரோ அத்தனை தடவை அளந்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது. நமக்குப் பிடிக்காத எண் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மீட்டர் கெட்டுப்போச்சு என்போம், ரப்பர் வழுக்குது என்போம், பிடித்த எண் வருகிற வரைக்கும் அளந்துகொண்டே இருப்போம். பிடித்த எண் முதல் தடவையே வந்துவிட்டால் அதை யாரும் இரண்டாம் தடவை சந்தேகப்படுவதில்லை. அந்த மனிதர் தனக்குச் சாதகமான அளவையும் பாதகமான அளவையும் ஒரே மாதிரி சந்தேகப்பட்டார். வேலை போகிற நேரத்தில், மானம் போகிற நேரத்தில், துரை முதுகுக்குப் பின்னால் நிற்கிற நேரத்தில்.

அதோடும் விடவில்லை. என்னை வரச் சொன்னார். சுவிட்சை டீமேக்கரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். டாக்கோமீட்டரை என் கையில் வைத்தார். தான் பார்த்த எண்ணைச் சொல்லவில்லை.

"ரெண்டு பக்கமும் நீ பாரு. பாத்துட்டு சொல்லாத, மனசுல வச்சுக்க" என்றார்.

பார்த்தேன். இடப்பக்கம் ஓடும்போது மூடிக்குக் கீழே கார்பன் கட்டைகளில் நீலமாகப் பொறி பறந்துகொண்டிருந்ததையும் அப்போதுதான் கண்டேன். இத்தனை சணல் துணிக்கு நடுவில், இத்தனை நாளும் அந்தப் பொறி பறந்துகொண்டு இருந்திருக்கிறது. பாஸ் எழுந்து துரையின் பக்கம் திரும்பினார். முகத்தில் இரத்தமே இல்லை. வலப்பக்கம் எழுநூற்று ஐம்பது, இடப்பக்கம் அறுநூற்று நாற்பது என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீ பார்த்ததைச் சொல் என்றார். நானும் அதையேதான் பார்த்திருந்தேன். சொன்னேன்.

அறுநூற்று நாற்பது என்றால் துரைக்கு என்ன தெரியும்? புருவத்தைச் சுருக்கினார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சொல்லியிருக்கலாம். ஆற்றில் தண்ணீர் குறைவு, விசிறிக்கு வயதாகிவிட்டது, கொழும்பில் கம்பி சுற்றினவன் சரியில்லை. அத்தனையும் எனக்கே மனதில் ஓடியது. கொழும்புக்காரன் தலையில் போட்டிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பாஸ் நிமிர்ந்து நின்றார்.

"கார்பன் வளையத்த நான்தான் தள்ளி வச்சிருக்கேன், துரை. ஒரு பக்கம் மட்டும் ஓட்டிப் பாத்து இறுக்கிட்டேன். காத்து பத்தாமத்தான் கிழக்குக் கொழுந்து வாடல. அந்தாளு திருப்பிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

விசிறி நன்றாக ஓடுகிறது என்று அன்றைக்கு நீதானே சொன்னாய் என்று துரை கேட்டார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஆமாங்க, சொன்னேன். பாக்காம சொன்னேன்."

பூசாரியின் பேச்சையோ, கொழுந்து வந்து குவிந்ததையோ அவர் இழுக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னார். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. எத்தனை பெரிய இயந்திரங்களை எல்லாம் அண்ணாந்து பார்த்திருக்கிறேன், ஒரு மனிதனை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். துரை சட்டைப்பையில் வைத்திருந்த பற்றுச்சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தார். படியிறங்கிப் போனார். கழுத்திலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சவரிமுத்துவும் இறங்கிப் போய்விட்டார். கோபத்தில்தான் போகிறார் என்று நினைத்தேன், நியாயமான கோபம்தானே.

பாஸ் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. அன்று பின்னேரமே வளையத்தைத் தளர்த்தினார். ஒரு மயிரிழை நகர்த்துவார், வலப்பக்கம் ஓட்டி அளப்பார், நிறுத்தி, இடப்பக்கம் ஓட்டி அளப்பார். திரும்ப ஒரு மயிரிழை. இரண்டு எண்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நெருங்கி வந்தன. கடைசியில் இந்தப் பக்கம் ஓட்டினாலும் அந்தப் பக்கம் ஓட்டினாலும் முள் ஒரே கோட்டில் போய் நின்றது. பொறியும் இல்லை. கிழக்குக் கூடத்தில் போய் நின்றேன். அத்தனை நாளும் வராத காற்று முகத்தில் வந்து மோதியது. தட்டுகளின் துணியெல்லாம் படபடத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்று தெரியாமல் கண்ணிலும் நீர் வந்தது. திரும்பிப் பார்த்தால் பாஸ் மோட்டாரின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

அவருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். துரை அவரைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்துவிட்டார். தண்ணீர்க் குழாய் பார்க்கவும் கூரைத் தகரம் மாற்றவும் விட்டார். ரொம்ப நாள் அந்த வேலைதான் செய்தார், பிறகு பட்டிப்பொல பக்கத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் உடனே மாலை போடுவார்கள் என்று உங்களுக்கு நான் பொய் சொல்லப் போவதில்லை. அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தார். என்னிடம் அந்த டாக்கோமீட்டரைக் கொடுத்துவிட்டுப் போனபோதுகூட ஒரு புத்திமதியும் சொல்லவில்லை, ரப்பரை மாற்று, தேய்ந்துவிட்டது என்றார்.

நான் சொல்ல வந்தது அதுவும் அல்ல. சோதனைக்கு மறுநாள் காலையில் நடந்ததைத்தான்.

விடிந்தும் விடியாத பனியில் தப்பு மேளம் அடித்து ஆட்கள் பெரட்டுக்களத்தில் கூடினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், கூடைகளோடு பெண்கள் ஒரு பக்கம். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடத் தொடங்கும் முன்னால் பாஸ் அங்கே வந்து நின்றார். ஸ்டோர் உத்தியோகத்தர் யாரும் பெரட்டுக்கு வருகிற வழக்கம் கிடையாது. என்னையும் கூட வா என்று கூப்பிட்டிருந்தார், எதற்கென்று சொல்லவில்லை. ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். பிறகு குரலை உயர்த்தி, மாடி விசிறி பழுதாகத்தான் இருந்தது, பழுதாக்கியது நான், சவரிமுத்து தூங்கினார் என்று நான் சொன்னது பொய் என்றார். நான் சொல்லித்தான் நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள், அதனால் இங்கேயே வந்து சொல்கிறேன் என்றார். கால்சட்டை போட்ட ஒருவர் லயத்து ஆளுக்காகப் பெரட்டில் வந்து தலை குனிந்ததை அந்தச் சனம் அதற்கு முன்னால் கண்டதில்லை. நானும் கண்டதில்லை, அதற்குப் பிறகும் கண்டதில்லை.

இரவு வேலை முடிந்து பேர் கொடுக்க வந்து நின்ற சவரிமுத்து வரிசையிலிருந்து முன்னால் வந்தார். நாலு வார்த்தை நன்றாகக் கேட்கப் போகிறார், கேட்கட்டும் என்று நினைத்தேன். பாஸும் அதற்குத் தயாராகத்தான் நின்றார். சவரிமுத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் தூங்கலதானுங்களே?"

பாஸுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. சுவிச்ச திருப்புறதக் கனவுலதான் செய்யுறேனோன்னு இருந்துச்சு. தூங்கித்தான் இருப்பேன் போலன்னு எம் பொஞ்சாதிகிட்டகூட ஒத்துக்கிட்டேன்."

பாஸ் அவர் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"இல்லீங்க" என்றார் பாஸ். "நீங்க தூங்கல. ஒரு நாளும் தூங்கல."

சவரிமுத்து பெண்கள் நின்ற பக்கம் திரும்பினார். கூடையைக் கீழே வைத்துவிட்டு அருளம்மா நின்றிருந்தார்.

"கேட்டியா, அருளு? நான் தூங்கலயாம்."